கடைசல் பட்டறையும் கவிதைப் பட்டறையும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வாலிகண்டபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி, கவிதை படித்து, வாதிட்டு, தேநீர் அருந்திக் கலைந்து வந்திருக்கிறோம். நகரத்துச் சங்கங்களுக்கு இருக்கும் அரங்கமோ நிதியோ நமக்கு இருந்ததில்லை. ஆனாலும் வட்டம் நிலைத்தது. அதற்குக் காரணமான அன்பர்களை முதற்கண் வாழ்த்துகிறேன்.

விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'இக்காலக் கவிதையில் தொழில்நுட்பம்' என்பது. நூல்களைப் புரட்டி, மேற்கோள்களைத் தொகுத்து, வழக்கம்போல் ஒரு கட்டுரை வாசித்துவிட்டுச் செல்ல நான் ஆயத்தமானேன். ஆனால் அந்த ஆயத்தத்தின் நடுவே, நான் நேர்மையாகப் பேச வேண்டிய பொருள் வேறொன்று என்று தோன்றியது. மேசையின்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறேனே, அது ஒலிபெருக்கியின் பகுதி அன்று. என் தந்தையார் நம் ஊரில், தம் வீட்டுத் தாழ்வாரத்தில், ஒரு பழைய லேத்தில் கடைந்து செய்த சிறிய நீராவி எந்திரம் அது. அதைப் பற்றியும், அதன் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு தமிழ் முனைவரைப் பற்றியும் இன்று பேச அனுமதி வேண்டுகிறேன். அந்த முனைவர் நான்தான்.

இரயில் வராத ஊர்

வாலி வழிபட்டதால் இவ்வூர் வாலிகண்டபுரம் ஆயிற்று என்பது தலபுராணச் செய்தி. சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கும் வாலீசுவரர் கோயில் நமக்குப் பெருமை. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்ட இருவர் சார்பில், இங்கே மோதிக்கொண்டனர். அதன் நினைவாக ரஞ்சன்குடிக் கோட்டை பக்கத்தில் நிற்கிறது. திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலை நம் வழியாகவே செல்கிறது. இத்தனை இருந்தும் இரயில் மட்டும் இங்கே வருவதில்லை. இரயில் ஏற நாம் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் செல்ல வேண்டும்.

என் தந்தையார் சிறுவனாக அரியலூரில் தம் மாமன் வீட்டில் தங்கிப் படித்தார். 1956 நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலையில், பெருமழையால் சிதைந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில், தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்போது என் தந்தைக்குப் பன்னிரண்டு வயது. ஊரே திரண்டு ஓடியபோது அவரும் ஓடித் தொலைவில் நின்று பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒருமுறைதான். "தண்ணியால ஓடுற எந்திரம், பாப்பா. அது தண்ணிக்குள்ளேயே விழுந்து கிடந்துச்சு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1964-இல், அவர் பொன்மலை இரயில்வேப் பணிமனையில் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது என்பதை அறிவீர்கள். அங்கே அவர் டர்னர்; தமிழில் சொன்னால் கடைசல்காரர். நீராவி எந்திரங்களைப் பழுதுபார்த்த கைகள், காலம் மாறியபின் டீசல் எந்திரங்களைப் பழுதுபார்த்தன. 2004-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, திருச்சிப் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து மூன்றடி லேத் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து தாழ்வாரத்தில் இறக்கினார். தாழ்வாரத்துத் தரையைத் தோண்டிக் காரை போட்டு அதை நிறுத்தினார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். தோழியர் வீட்டுக்கு வந்தால், அந்த லேத்தின்மேல் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திவிடுவேன். என் ஆய்வுத் தலைப்பைச் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள்: சங்க இலக்கியத்தில் கைவினைச் சொற்கள்.

மாதிரியே தாய்

'இவ்வளவு வயதுக்குமேல் பொம்மை எந்திரமா' என்று உறவினர் கேட்டபோது தந்தையார் பதில் சொன்னதில்லை. பிற்காலத்தில் நான் படித்தறிந்த ஒரு செய்தியை அவர் சார்பில் இங்கே சொல்லுகிறேன்.

நியூகோமனின் நீராவி எந்திரம் 1712-இல் சுரங்கத்து நீரை இறைக்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1763-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் காட்டுவதற்கென வைத்திருந்த அவ்வெந்திரத்தின் சிறு மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை, கருவி செய்பவரான ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. மாதிரி சில அடிகள் இயங்கிவிட்டு நின்றுபோயிற்று. கொதிகலன் தந்த நீராவி அதற்குப் போதவில்லை. ஏன் என்று வாட் சிந்தித்தார். நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகும். கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே சிறிய உருளையில் உள்ளிடத்தை நோக்கச் சுவர் மிகுதி. நீராவி வேலை செய்வதற்கு முன்பே குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிவிடுகிறது. உருளையை ஒவ்வோர் அடிக்கும் குளிரச் செய்து மீண்டும் சூடாக்குவதே வீண்செலவு என்று கண்ட வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனியே ஒரு கலத்தை அமைத்தார். 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய எந்திரத்தில் மறைந்து கிடந்த குறை, சிறிய மாதிரியில்தான் பளிச்சென்று தெரிந்தது. மாதிரியைப் பிள்ளை என்கிறோம். இங்கே மாதிரியே தாய்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோர் உண்டு. வங்கத்துத் தித்தாகர் என்னும் ஊரைச் சேர்ந்த கோலக் சந்திரர் என்ற கொல்லர், செராம்பூர்ப் பாதிரிமார் காகித ஆலைக்கென வரவழைத்திருந்த நீராவி எந்திரத்தைப் பார்த்தே தாமாக ஓர் எந்திரத்தைக் கட்டினார். 1828-இல் கல்கத்தாவில் நடந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கக் காட்சியில் அதை இயக்கிக் காட்டி ஐம்பது ரூபாய் பரிசு பெற்றார். பம்பாயில் கப்பல் கட்டும் குடும்பத்தில் பிறந்த அர்தசீர் கர்சட்ஜி 1833-இல் சிறிய நீராவி எந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கம் கண்டபோது, விடுதலை வேட்கையும் நீராவிக் கப்பலில்தான் ஏறியது. கர்சட்ஜிக்குப் பெருமை வந்து சேர்ந்தது. கோலக் சந்திரர் என்னும் கொல்லரின் பெயரோ பெரும்பாலோர்க்குத் தெரியாது. எந்த மொழியில் அவர் தம் எந்திரத்தின் உறுப்புகளை அழைத்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஒரே பிடிப்பு

என் தந்தையார் செய்தது படுக்கைவாக்கில் அமைந்த ஒற்றை உருளை எந்திரம். உருளையின் உள்விட்டம் இருபது மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தொலைவு முப்பது மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரலின் அளவு என்று கொள்ளலாம். இரண்டு கிலோ அழுத்தமுள்ள நீராவி அந்தச் சிறு வட்டத்தில் படும்போது ஆறு கிலோவுக்குச் சற்று மிகுதியான விசை கிடைக்கிறது. நீராவி ஒருமுறை முன்புறத்திலும் மறுமுறை பின்புறத்திலும் மாறி மாறி நுழைந்து தள்ளுகிறது. அந்த நேர்க்கோட்டு ஓட்டத்தைக் கிராங்க் வட்டமாக்குகிறது.

உருளை வெண்கல வார்ப்பு. சக்கரத்துக்கு முதலில் மரத்தில் அச்சுமாதிரி வேண்டும். அதற்கு அவர் நம் மாவட்டத்து அரும்பாவூருக்குச் சென்றார். தேர்ச் சிற்பங்களும் சாமி சிலைகளும் செதுக்கும் ஊர் அது. அவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு சிற்பி, ஆறு ஆரக்கால் வைத்த நான்கு அங்குலச் சக்கரத்தை மாம்பலகையில் செதுக்கித் தந்தார். 'வார்ப்பு ஆறும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே செதுக்குங்கள்' என்று தந்தையார் சொல்ல, 'உருவத்தைக் கொஞ்சம் பெரிசாச் செய்யாம இருந்தா எந்தச் சாமியும் கர்ப்பக்கிரகத்துல தெரியாதுங்க' என்றாராம் சிற்பி. இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்.

முதல் உருளையை அவர் இரண்டு மாதம் வேலை செய்து, பிறகு தூக்கி எறிந்தார். அந்தத் தோல்வியைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

லேத்தில் வேலைப்பாட்டுப் பொருளைச் சக் என்னும் பிடிப்பான் கவ்விக்கொண்டு சுழல்கிறது. உளி அசையாமல் நின்று அதைச் சீவுகிறது. உருளையின் உள்துளையைக் கடைந்த பிறகு, அதன் முகப்பையும் சமமாகச் சீவ வேண்டும். முகப்பின்மேல்தான் மூடி பொருந்தும். மூடியின் நடுத்துளை வழியாகத்தான் பிஸ்டனின் தண்டு வெளியே வரும். ஆகவே துளையும் முகப்பும் ஒன்றுக்கொன்று மிகச் சரியான செங்கோணத்தில் இருந்தாக வேண்டும். இதற்கு ஒரே வழி, பொருளைச் சக்கிலிருந்து எடுக்காமல், ஒரே பிடிப்பில் இரண்டையும் முடித்துவிடுவது. எடுத்துத் திருப்பிப் பிடித்தால், எத்தனை கைதேர்ந்தவர் பிடித்தாலும், பழைய மையம் அப்படியே திரும்பி வராது.

நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள என் தந்தைக்கு இது தெரியாததன்று. ஆனால் ஓரிரவு மின்சாரம் வந்தும் போயும் கொண்டிருந்த நேரத்தில், வேலையை முடித்துவிடும் ஆவலில், துளையை ஒரு பிடிப்பிலும் முன்முகப்பை மறுபிடிப்பிலும் முடித்துவிட்டார். கோணல் மூன்று தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. எந்திரத்துக்குத் தெரிந்தது. தண்டு முன்னே வரும்போது வழுக்கி வந்தது. திரும்பும் இடத்தில் இறுகி நின்றது. எண்ணெய் விட்டார், கயிற்றைத் தளர்த்தினார், மூடியைத் தேய்த்தார். கடைசியில் உருளையைக் கழற்றிப் பழைய பித்தளைக் கூடையில் போட்டுவிட்டு வந்து, திண்ணையில் அமர்ந்தார்.

'மூடியின் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் ஓடிவிடாதா, அப்பா?' என்று நான் கேட்டேன்.

"ஓடும், பாப்பா. ஆவியும் அது வழியாவே போயிடும். ஓடுற மாதிரி இருக்கும், இழுக்காது" என்றார்.

கவிஞர் பெருமக்களே, அன்றிரவு என் ஆய்வேட்டின் நான்காம் இயலை எடுத்துப் பார்த்தேன். முதற்பாதி ஒரு கொள்கையின் அடிப்படையிலும், மறுபாதி நெறியாளர் விரும்பக்கூடிய வேறொரு கொள்கையின் அடிப்படையிலும் எழுதியிருந்தேன். நடுவே ஒட்டுப் போட்டு மறைத்திருந்தேன். அது ஓடுகிற மாதிரி இருந்தது. அந்த இயலைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். பட்டம் ஓராண்டு தள்ளிப் போயிற்று; 2008-இல் பெற்றேன். கவிதையின் முதலடியும் இறுதியடியும் ஒரே பிடிப்பில் பிறந்தவையா என்று நம் வட்டத்தில் நான் அடிக்கடி கேட்பது உங்களுள் சிலர்க்கு எரிச்சலூட்டியிருக்கலாம். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை இப்போது அறிந்திருப்பீர்கள்.

கதவு முன்னே திறக்க வேண்டும்

இரண்டாம் உருளை சரியாக அமைந்தது. ஆயினும் எந்திரம் உடனே ஓடவில்லை. நெருப்பு மூட்டுவதற்கு முன், நெடுஞ்சாலையோரத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றழுத்தக் குழாயை இழுத்து வந்து பொருத்திப் பார்த்தார்கள். சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றித் திகைத்து நின்றது, பின்னோக்கி ஆடியது, மீண்டும் நின்றது. கூடியிருந்த சிறுவர்கள் சிரித்தார்கள்.

நீராவியை எந்தப் பக்கம் விடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது ஒரு சிறு வழுக்குக் கதவு. அதை முன்னும் பின்னும் இழுப்பது எக்சென்ட்ரிக் என்னும் வட்டு. சக்கரத்தின் அச்சிலேயே அது மாட்டப்பட்டிருக்கும். ஆனால் அதன் துளை நடுவில் இல்லாமல் ஒருபுறம் விலகியிருக்கும். அதனால் அச்சு சுழலும்போது வட்டு தள்ளாடிக் கதவை ஆட்டுகிறது. இந்த வட்டைக் கிராங்குக்கு நேராக வைத்தால் பிஸ்டன் போகும்போது கதவும் போகும், ஒன்றும் நடவாது. கிராங்குக்குக் கால்சுற்று முந்தியும், அதற்குமேல் இன்னும் சிறிது முந்தியும் அதை வைக்க வேண்டும். பிஸ்டன் தன் பயணத்தைத் தொடங்கும் நொடியில், கதவு ஏற்கெனவே சற்றே திறந்திருக்க வேண்டும். தந்தையார் கால்சுற்றைச் சரியாகவே வைத்திருந்தார், ஆனால் பின்பக்கமாக. ஒரு திருகைத் தளர்த்தி, வட்டை எதிர்ப்புறம் திருப்பி, மீண்டும் இறுக்கினார். சக்கரம் ஆரக்கால் தெரியாதபடி சுழன்றது. சிரித்த சிறுவர்களே கைதட்டினார்கள். அவர்களுள் ஒருவன் அன்று முதல் பள்ளி விட்டதும் நேரே எங்கள் தாழ்வாரத்துக்கு வரத் தொடங்கினான். அவனைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

கொதிகலன் கடைசியாக வந்தது. அதில்தான் அவர் மிகுந்த அச்சம் காட்டினார். ஒரு லிட்டர் நீர் திறந்த வெளியில் ஆவியானால் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு லிட்டர் இடத்தை அடைக்கும். அடைபட்ட நீராவி சிறிய கலத்திலும் உயிரைக் குடிக்கவல்லது. தடித்த செம்புக் குழாயில் கலம். மூட்டுகள் யாவும் வெள்ளிப் பற்று. ஈயப் பற்று கூடவே கூடாது என்றார். பாதுகாப்பு வால்வு ஒன்றைத் தனியே கடைந்தார். பிறகு கலம் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி, காற்று ஒரு குமிழியும் இல்லாமல் வெளியேற்றி, இயங்கும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதித்தார். நீர் சுருங்காது. ஆதலால் கலம் விரிந்தாலும் நீர் கசியுமே தவிர வெடிக்காது. 'முதல்ல குளிர்ந்த தண்ணியில தாங்கணும். அப்புறந்தான் நெருப்பு' என்றார்.

2007-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மறுநாள் பம்பு அடுப்பின்மேல் கலம் ஏறியது. சிறிய உருளை முதலில் நீராவியையெல்லாம் நீராக்கிக் கக்கியது. வாட் கண்ட அதே குறையைத்தான் நாங்களும் கண்டோம். உருளைக்கு அடியிலுள்ள சிறு குழாய்களைத் திறந்து, அந்த நீரை வடித்து, கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, உருளை சூடேறும்வரை தந்தையார் காத்திருந்தார். பிறகு கையை எடுத்தார். அது தானே சுற்றியது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, 'மூச்சு விடுதே' என்றார். நீர் ஆவி, உயிர் ஆவி என்று நூல்களில் படித்த நான், அந்தச் சொல்லின் பொருளை அப்போதுதான் கேட்டேன்.

சொற்களின் பட்டியல்

அடுத்த மாதம் அருகிலுள்ள பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி. எந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கத் தந்தையாரைக் கேட்டார்கள். அவர் என்னிடம், 'நீதான் தமிழ் படிச்சவளாச்சே. பசங்களுக்குப் புரியுற மாதிரி இதுக்கெல்லாம் தமிழ்ல பேரு எழுதிக் குடு' என்றார். உறுப்புகள் இருபத்தெட்டு. கலைச்சொல் அகராதிகளைப் புரட்டி, ஒரே இரவில் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். பிஸ்டனுக்கு உந்துதண்டு, வால்வுக்கு அடைப்பிதழ், கிராங்குக்கு வணரி, எக்சென்ட்ரிக்குக்குப் பிறழ்மைய வட்டு.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் படித்தார். பிறகு கேட்டார்: "பிஸ்டன் வேற, அதோட ராடு வேற. பிஸ்டன் வட்டு; அதுலேருந்து வர்றதுதான் தண்டு. வட்டுக்குப் போயித் தண்டுன்னு பேரு வெச்சிருக்கியே. எதைக் கழட்டச் சொல்றன்னு வேலை செய்யுறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

என்னிடம் விடை இல்லை. அந்தச் சொல்லை ஆக்கியவர் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அதைப் படியெடுத்த நானும் பார்த்ததில்லை. என் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அது கிடந்தபோதும் பார்த்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டியின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படுவதைப் பற்றி இருபது பக்கம் எழுதியவள் நான். அப்புலவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். நான் அவரைப் பார்த்தேன், வண்டியைப் பார்க்கவில்லை.

அன்று தொடங்கி இரண்டு வாரம், இரவு உணவுக்குப் பின், நாங்கள் இருவரும் அந்தப் பட்டியலை மீண்டும் எழுதினோம். அவர் ஓர் உறுப்பைக் கழற்றி என் கையில் வைப்பார். அது என்ன செய்கிறது என்பதைச் சொல்வார். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பிஸ்டன் உந்துவட்டு ஆயிற்று. அதன் தண்டு உந்துதண்டு என்றே நின்றது. கனத்த சக்கரத்தைக் காட்டி, 'குயவர் சக்கரம் மாதிரி, ஒரு தடவை சுத்தி விட்டா வேகத்தைச் சேத்து வெச்சிக்கும்' என்றார். திகிரி என்ற பழஞ்சொல்லைச் சொன்னேன். 'அது நல்லா உருளுது' என்று ஏற்றுக்கொண்டார். எக்சென்ட்ரிக் என்ன செய்கிறது என்று விளக்கும்போது, 'மையம் தப்பின சக்கரம்' என்று அவர் வாயிலேயே வந்தது. மையந்தப்பி என்று எழுதிக்கொண்டேன். அகராதியின் பிறழ்மைய வட்டைவிட அது பிழைக்கும் என்று இன்றும் நம்புகிறேன். தண்டைச் சுற்றித் திணிக்கும் கயிற்றுக்கு நான் ஏதோ சொல்ல, 'கிளாண்டு கயிறுன்னு சொல்லும்மா, பம்புசெட்டு வெச்ச எல்லாருக்கும் தெரியும்' என்றார். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

முடிவில் பதினொரு சொற்கள் பட்டறையில் வழங்கும் வடிவத்திலேயே நின்றன. ஒன்பது சொற்கள் வண்டியிலிருந்தும் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தன. மூன்று சொற்கள் பழைய இலக்கியம் தந்தவை. ஐந்து உறுப்புகளுக்கு எங்களால் பெயர் காண முடியவில்லை. அட்டையில் அந்த ஐந்து இடங்களையும் தந்தையார் வெற்றிடமாகவே விட்டார். 'தெரியாததுக்குப் பேரு வெக்கக் கூடாது' என்றார்.

இங்கே நான் கவிஞர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் மொழி பட்டறைக்குப் புதியதன்று. தயிரைக் கடைவதும் மரத்தையும் இரும்பையும் கடைவதும் தமிழில் ஒரே வினை. ஒன்றைச் சுழற்றி, உள்ளிருப்பதை வெளிக்கொணர்வது என்னும் பொது நோக்கு அச்சொல்லில் உறைகிறது. ஒருவனைக் கடைந்தெடுத்த கஞ்சன் என்கிறோம். மரை கழன்றவன் என்கிறோம். வீட்டுக்கு அச்சாணி என்று ஒரு தாயைப் போற்றுகிறோம். இவையெல்லாம் ஒருகாலத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் கைப்பிடியில் இருந்து நாவுக்கு ஏறியவை. கொல்லனின் உலையும் துருத்தியும் சங்கப் பாடல்களில் உவமையாகி நிற்பது, புலவர் உலைக்களத்தருகே நின்றதால். ஆனால் இக்காலக் கவிதைகளில் எந்திரம் பெரும்பாலும் அரக்கனாகவே வருகிறது. புகை கக்குகிறது, இரைகிறது, மனிதனை விழுங்குகிறது. அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. எனினும் பிசிறு நீக்க அரத்தை எடுக்கும் கை, காதால் கேட்டே உளி மழுங்கியதை அறியும் கவனம், மூன்று தௌவுக்காக இரண்டு மாத உழைப்பை எறிந்துவிடும் மானம், இவை நம் கவிதைக்குள் எத்தனை முறை வந்திருக்கின்றன? நம் ஊரிலிருந்து பொன்மலைக்கும் நெய்வேலிக்கும் திருப்பூருக்கும் சென்ற எத்தனை கைகள் நம் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன? என் கவிதைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

சக்கில் இருப்பது

2011-இல் நீலகிரி மலை இரயிலுக்காக, எண்ணெயில் எரியும் புதிய நீராவி எந்திரம் பொன்மலையிலேயே கட்டப்பட்டது. செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, 'என் காலத்துல பழசைத்தான் சரி பண்ணோம். இப்பப் புதுசே செய்யுறானுங்க' என்று தந்தையார் மகிழ்ந்தார். சற்றுப் பொறாமையும் பட்டார். அந்த மலை எந்திரத்தில் நீராவி ஒரு சோடி உருளையில் வேலை செய்து முடித்தபின், வெளியேறாமல் அடுத்த சோடி உருளைக்குச் சென்று பற்சக்கரத்தைத் திருப்புகிறது. ஒரே நீராவி இருமுறை உழைக்கிறது. அதைப்போல் இரட்டை உருளை எந்திரம் ஒன்றைச் செய்வதென முடிவெடுத்தார். 2021-இல் நிலக்கரியால் இயங்கும் புதிய எந்திரமும் பொன்மலையிலிருந்து வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2019-இல் மறைந்தார்.

இரண்டாம் எந்திரத்தின் முதல் உருளை பாதிக் கடைசலில், லேத்தின் சக்கில் பிடித்தபடியே இருக்கிறது. உள்துளை ஏறத்தாழ முடிந்துவிட்டது. கடைசிச் சீவலும் முகப்பும் மிச்சம். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் அவர் பிடித்த மையம் போய்விடும். அம்மா மாதத்துக்கு ஒருமுறை சக்கின்மேல் தையல் எந்திர எண்ணெய் தடவுகிறார். மூன்று நாள் பேசாதிருந்த அதே அம்மாதான்.

சென்ற ஆண்டு வீட்டைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தபோது, லேத்தை விற்றுவிடலாம் என்று என் தம்பி சொன்னான். அவன்மேல் குற்றமில்லை, தாழ்வாரம் சரிந்துகொண்டிருந்தது. பழைய இரும்புக்காரர் வந்து விலையும் சொன்னார். எடுத்துப் போவதற்கு வசதியாகச் சக்கைக் கழற்றி வைக்கச் சொன்னார். நான் சாவியைக் கையில் எடுத்தேன், சக்கின் துளையில் பொருத்தினேன், திருப்ப முடியவில்லை. துரு ஒன்றும் இல்லை. அம்மாவின் எண்ணெய் இருந்தது. என் கைதான் திருப்பவில்லை. விற்பனை நின்றது. தாழ்வாரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

முன்பு சொன்ன சிறுவன் இன்று நெடுஞ்சாலையோரத்தில் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அவரை அழைத்து, மிச்ச வேலையை முடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். உருளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'முடிச்சிடலாம் அக்கா. ஆனா ஐயா புடிச்ச புடியிலேயே முடிக்கணும். நீங்களே ஹேண்டிலைச் சுத்துங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்' என்றார். வரும் தை மாதத்தில் அதைச் செய்யவிருக்கிறோம். நான் பழகிக்கொண்டிருக்கிறேன். பழைய பித்தளைத் துண்டுகளில் நாள்தோறும் அரைமணி நேரம். இதுவரை ஏழு துண்டுகளைக் கெடுத்திருக்கிறேன்; எட்டாவது பரவாயில்லை என்றார்.

விழா முடிந்ததும், கோயில் மதிலோரத்து வேப்பமரத்தடியில் இந்தச் சிறிய எந்திரத்தை இயக்கிக் காட்டுவதாக அந்தத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஆயத்தம். கவிஞர்கள் அனைவரும் வர வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு அருகே வந்து, அது ஓடுவதைச் சுற்றி வந்து பாருங்கள். தந்தையார் எழுதிய அட்டையையும் கொண்டு வந்திருக்கிறேன். ஐந்து இடங்கள் அதில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கின்றன. பார்த்த பிறகு யாருக்கேனும் சொல் தோன்றினால், பென்சிலால் எழுதுங்கள். பொருந்தவில்லை என்றால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

 வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் சுழல வாழ்த்தி அமர்கிறேன்.